எல்லா நாட்டுக்கும் ஒரே அடாப்டரா?

வெளிநாட்டுப் பயணத்திற்கென விற்கப்படும் சாதனங்களுள் அனைவர் பெட்டியிலும் இடம்பெறுவது ‘யுனிவர்சல் டிராவல் அடாப்டர்’. எந்த நாட்டுக்கும் இது ஒன்றே போதும் என்கின்றன விளம்பரங்கள். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம்.

உலகில் சுமார் 15 வகைப் பிளக்குகள் வழக்கில் உள்ளன. நம் நாட்டுப் பிளக்குக்கு மூன்று உருண்டைக் கால்கள். பிரிட்டனில் மூன்று செவ்வகக் கால்கள். ஜப்பானில் இரண்டு தட்டைக் கால்கள். அடாப்டரின் பக்கத்திலுள்ள பொத்தானைத் தள்ளினால் வேண்டிய கால்கள் வெளியே வருகின்றன. திறமையான அமைப்புதான். ஆனால் அது மாற்றுவது கால்களின் வடிவத்தை மட்டுமே, மின்னழுத்தத்தை அன்று.

ஜப்பானையே எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் மின்னழுத்தம் 230 வோல்ட். அங்கே 100 வோல்ட். செல்போன் சார்ஜருக்கு இதனால் தொல்லையில்லை. அதன்மேல் ‘100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்’ என்று பொறித்திருந்தால், இரு நாட்டிலும் அது ஒழுங்காக வேலை செய்யும்.

சூடேற்றும் கருவிகளின் நிலை வேறு. மின்தடை மாறாதிருக்கையில், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது பள்ளியில் படித்ததே. நம் ஊரில் 1000 வாட் தரும் இஸ்திரிப் பெட்டி ஜப்பானில் சுமார் 190 வாட்தான் தரும். சட்டையின் சுருக்கம் நீங்காது, நட்டம் அவ்வளவே.

இதைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். டோக்கியோவில் வாங்கிய 100 வோல்ட், 600 வாட் ரைஸ் குக்கரை அதே அடாப்டர் வழியே சென்னையில் இணைத்தால் என்ன ஆகும்? திறன் 5.29 மடங்காகி 3,000 வாட்டைத் தாண்டும். மின்னோட்டம் 6 ஆம்பியரிலிருந்து சுமார் 14 ஆம்பியராக உயரும். உருகுகம்பி உடனே உருகினால் தப்பித்தோம். இல்லையேல் குக்கர் கருகும். அடாப்டரும் உருகித் தீப்பற்றக்கூடும்.

இன்னொரு குறையும் உண்டு. பல அடாப்டர்களில் ‘எர்த்’ இணைப்பு தொடர்வதில்லை. பிளக்கின் மூன்றாவது கால் துளைக்குள் நன்றாகவே நுழைகிறது. மறுபுறம் அது எதையும் தொடுவதில்லை. உலோக உடலுள்ள கருவியில் மின்கசிவு ஏற்பட்டால், மின்சாரம் பிடித்திருப்பவர் உடல் வழியே தரைக்குச் செல்லும். கால் நுழைந்துவிட்டதே என்று பயணி நம்புகிறார். அந்த நம்பிக்கைதான் ஆபத்து.

மின்னழுத்தத்தை மாற்றாது என்னும் எச்சரிக்கை அட்டையில் இல்லாமலில்லை. ஆனால் பெரும்பாலும் அது பின்புறத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏறும் பெற்றோரில் எத்தனை பேர் அதைப் படிப்பார்கள்? ‘யுனிவர்சல்’ என்ற சொல் மட்டும் முன்புறத்தில் கொட்டை எழுத்தில் மின்னுகிறது!

அடாப்டர் வேண்டாம் என்பதன்று நம் வாதம். சார்ஜருக்கு அது பயனுள்ள துணை. மற்ற எந்தக் கருவியையும் அதில் செருகுமுன் கருவியின் அடியிலுள்ள பட்டையைப் படியுங்கள். போகும் நாட்டின் வோல்ட் அதில் அடங்கவில்லையெனில், கருவியின் வாட்டைத் தாங்கும் மின்மாற்றி தேவை. அல்லது கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். தயாரிப்பாளர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: ‘இது மின்னழுத்தத்தை மாற்றாது’ என்ற வரி அட்டையின் முன்புறத்தில், விற்கும் ஊரின் மொழியில் இருக்கட்டும்.