முகப்புப் படமும் போட்டி வரிசையும்: வீடியோ விளையாட்டுகளின் கடைச் சோதனை குறித்த ஒரு மதிப்பீடு

வீடியோ விளையாட்டு ஒன்றின் முகப்புப் படத்தை, இணையக் கடையில் அதன் அருகே இடம்பெறக்கூடிய பிற விளையாட்டுகளின் படங்களோடு வரிசையாக வைத்து, பார்ப்பவர் கண் எதில் நிற்கிறது என்று அறிவதைப் போட்டி வரிசைச் சோதனை எனலாம். பெரிய நிறுவனங்கள் இதைப் பணம் செலவிட்டுச் செய்கின்றன. தனி ஒருவராகவோ நான்கைந்து பேராகவோ சேர்ந்து விளையாட்டு உருவாக்குவோர், கடைப் பக்கத்தின் திரைப்பிடிப்பில் தம் படத்தை ஒட்டி, நண்பர்களிடம் காட்டிப் பார்க்கின்றனர். செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரிகளில் விளையாட்டுச் செயலியைத் திட்டப்பணியாக எடுக்கும் மாணவருக்கும் இது கைக்கு எட்டிய முறையே.

இச்சோதனை பயனுள்ளது. ஆனால் அது பாதிக் கேள்விக்கே விடை தருகிறது. கண்ணை நிறுத்திய படம் எது என்று சொல்லும். நின்றவரிடம் அந்தப் படம் உண்மை சொன்னதா என்று சொல்லாது. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால், சோதனையில் வென்ற படமே விளையாட்டின் தோல்விக்குக் காரணமாகலாம்.

சோதனை தோன்றிய பின்னணி

விளையாட்டுகள் பெட்டியில் விற்கப்பட்ட காலத்தில் அட்டைப்படம் உள்ளங்கையை விடப் பெரிதாக இருந்தது. வாங்குபவர் அதைக் கையில் எடுத்துப் பின்பக்கத்தையும் படிப்பார். இணையக் கடையில் அந்த வாய்ப்பு இல்லை. ஸ்டீம் கடையில் சிறிய முகப்புப் படம் 462 × 174 பிக்சல் அளவில் கேட்கப்படுகிறது. சில பட்டியல்களில் அது 120 × 45 பிக்சல் வரை சுருக்கப்படுகிறது. அந்தக் கடைக்கு ஆண்டுதோறும் 10,000-க்கும் மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வருகின்றன. தபால்தலை அளவுள்ள அந்தப் படம்தான் வாசலும் அறிவிப்புப் பலகையும்.

2022 செப்டம்பர் முதல் ஸ்டீம் ஒரு விதியைக் கண்டிப்பாக்கியது. முகப்புப் படத்தில் விளையாட்டின் ஓவியமும் பெயரும் அதிகாரப்பூர்வத் துணைத்தலைப்பும் மட்டுமே இருக்கலாம். விருதுப் பெயர், விமர்சன மதிப்பெண், தள்ளுபடி அறிவிப்பு ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை. இதனால் போட்டியின் முழுச் சுமையும் ஓவியத்தின் மீதும் பெயரின் மீதும் விழுந்தது.

கூகுள் பிளே 2015 முதல் இத்தகைய சோதனையைக் கடைக்குள்ளேயே செய்ய இடமளிக்கிறது. நடப்பிலுள்ள படத்துக்கு எதிராக மூன்று மாற்றுப் படங்கள் வரை வைக்கலாம். வருகையாளரைப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு படம் காட்டப்படும். ஆப்பிள் கடையும் 2021 டிசம்பரில் இதுபோன்ற வசதியைக் கொண்டுவந்தது. ஸ்டீமில் இத்தகைய உள்வசதி இல்லாததால், அங்கே விற்பவர்கள் ஒரு வாரம் ஒரு படம், மறு வாரம் வேறு படம் என்று மாற்றி வைத்து ஒப்பிடுகின்றனர். அந்த வாரத்தில் தள்ளுபடி விற்பனையோ விழாவோ குறுக்கிட்டால் கணக்குக் குழம்பிவிடும்.

மூன்று முன்னுதாரணங்கள்

2013 மார்ச்சில் வெளியான பயோஷாக் இன்ஃபினிட் விளையாட்டின் அட்டைப்படம் 2012 டிசம்பரில் வெளியிடப்பட்டபோது ரசிகர்கள் ஏமாற்றம் தெரிவித்தனர். மேகங்களின் மேல் மிதக்கும் நகரமும் எலிசபெத் என்னும் பெண்ணும் கதையின் உயிர். முன்னட்டையிலோ துப்பாக்கி ஏந்திய ஆண் மட்டும் நின்றார். உருவாக்கிய குழுவின் தலைவர் கென் லெவின் இதற்கு விளக்கம் அளித்தார். இந்த வரிசை விளையாட்டுகளையே அறியாத கல்லூரி மாணவர்கள் போன்றோரிடம் சென்று பேசியதாகவும், புதியவரைக் கடையில் நிறுத்தவே அந்தப் படம் என்றும் அவர் கூறினார். பின்னர் ரசிகர்களின் வாக்கெடுப்பில் தேர்வான வேறொரு படம் அட்டைத்தாளின் உட்பக்கத்தில் அச்சிடப்பட்டது. விரும்பியவர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். விளையாட்டு நன்றாகவே விற்றது. ஆனால் யாரிடம் கேட்டார்களோ அவர்களுக்கான படமே கிடைத்தது என்பதையும், ஏற்கெனவே அறிந்தவர்களுக்கு இன்னொரு படம் தேவைப்பட்டது என்பதையும் அந்த ஒரே தாளின் இரு பக்கங்கள் காட்டின.

அதே ஆண்டு ஜூனில் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் வேறு வழியில் சென்றது. எல்லி என்னும் சிறுமியை அட்டையில் பின்னுக்குத் தள்ளுமாறு வந்த யோசனையை நாட்டி டாக் குழு ஏற்கவில்லை. எல்லி முன்னே, ஜோயல் பின்னே என்ற அமைப்பே அச்சானது. கருத்துக் கேட்கும் குழுக்களில் பெண் விளையாட்டாளரையும் சேர்க்குமாறு அந்தக் குழு தனியே வலியுறுத்த வேண்டியிருந்தது. சோதனைக்கு யாரை அழைக்கிறோம் என்பதே பாதி முடிவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

மூன்றாவது, 2001-இல் வந்த ஐகோ. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அதன் அட்டைக்கு, இயக்குநர் ஃபுமிட்டோ உவேடா இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ டி கிரிகோவின் பாணியில் வரைந்த ஓவியம் அமைந்தது. பெரிய கட்டடங்களுக்கும் நீண்ட நிழல்களுக்கும் நடுவே கைகோத்து ஓடும் இரு சிறு உருவங்கள். அது விளையாட்டின் தனிமையை அப்படியே சொன்னது. வட அமெரிக்கப் பதிப்புக்கோ சிறுவனின் முகத்தைப் பெரிதாகக் காட்டும் வேறு அட்டை. அது இன்றும் மோசமான அட்டைகளுக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. எனினும் உவேடாவின் ஓவியத்தை 120 × 45 பிக்சலுக்குச் சுருக்கினால் அந்த இரு உருவங்களும் புள்ளிகளாகிவிடும். உண்மையான படம் என்பதாலேயே அது சிறிய அளவில் விளங்கிவிடாது. இந்த இடத்தில் வரிசைச் சோதனைக்கு ஒரு நியாயமான வேலை உண்டு.

மாமல்லபுரம் காட்டும் இரண்டு படங்கள்

2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதன் சின்னம் ‘தம்பி’: குதிரைத் தலை, வெள்ளைச் சட்டை, வேட்டி, வணக்கம் சொல்லும் கைகள். செஸ் தொடர்பான படங்களின் வரிசையில் இதை வைத்துப் பார்க்கலாம். செஸ்.காம் தளத்தின் அடையாளம் சிப்பாய். லிசெஸ் தளத்தின் அடையாளம் குதிரை. குதிரையும் கட்டமும் கறுப்பு வெள்ளையும் எங்கும் உள்ளவை. தம்பியும் குதிரைதான், ஆகவே செஸ் என்பது ஒரு நொடியில் புரிகிறது. வேட்டியும் வணக்கமும் வேறு எந்தச் செஸ் படத்திலும் இல்லாதவை. ஆகவே வரிசையில் தனித்துத் தெரிகிறது. அந்த வேறுபாடு கண்ணை இழுக்க ஒட்டவைத்த அலங்காரம் அன்று. போட்டி நடக்கும் ஊரைச் சொல்லும் செய்தி. நல்ல முகப்புப் படத்துக்கு வேண்டிய இரண்டும், அதாவது இனம் தெரிவதும் தனித்துத் தெரிவதும், இதில் பொருந்தியுள்ளன.

அதே ஊரில் எதிர்மறையான பாடமும் கல்லில் உள்ளது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள அர்ச்சுனன் தபசு புடைப்புச் சிற்பத்தில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனை ஒன்று செதுக்கப்பட்டுள்ளது. அதைச் சுற்றி எலிகள். தவக்கோலத்தை நம்பி எலிகள் அருகில் வருகின்றன. எத்தனை எலிகள் வந்தன என்று மட்டும் எண்ணும் சோதனையில் அந்தக் கோலம் முதல் மதிப்பெண் பெறும். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பியின் அந்தக் கேலி, சொடுக்குகளை மட்டும் எண்ணும் இன்றைய பழக்கத்துக்கும் பொருந்துகிறது.

எண்கள் மறைப்பது

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். இரண்டு படங்களும் தலா 1,00,000 பேருக்குக் காட்டப்பட்டன என்று கொள்வோம். முதல் படத்தை 4,000 பேர் சொடுக்கினர். 400 பேர் வாங்கினர். எதிர்பார்த்தது வேறு என்று 160 பேர் திருப்பிக் கொடுத்தனர். மிஞ்சியவர் 240. இரண்டாவது படத்தை 3,000 பேரே சொடுக்கினர். 360 பேர் வாங்கினர். 40 பேர் திருப்பினர். மிஞ்சியவர் 320. சொடுக்குக் கணக்கில் முதல் படம் வெற்றி; கடைசிக் கணக்கில் இரண்டாவது வெற்றி.

திருப்பிக் கொடுப்பது அரிதான நிகழ்வு அன்று. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. நீண்ட விளையாட்டுக்கு இது சிறிய சாளரம். குறுகிய விளையாட்டோ முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இதற்குத் தமிழ்ச் சூழலிலிருந்து பொருத்தமான உதாரணம் ‘வெண்பா’. டொராண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கி 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட விளையாட்டு அது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயின் சமையலறை வழியாக, மகன் கவினுக்கும் அவருக்கும் இடையே மொழியிலும் பழக்கத்திலும் விழும் இடைவெளியைச் சொல்கிறது. இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் அதில் உண்டு. ஆனால் மதிப்பெண்ணுக்காகப் பரபரப்பாகச் சமைக்கும் விளையாட்டு அன்று. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வேகச் சமையல் விளையாட்டுகளின் வரிசையில் வைத்துச் சோதித்து, அவற்றைப் போன்ற படத்தைத் தேர்ந்திருந்தால், வேகத்தைத் தேடி வருபவர் ஏமாந்து திரும்பியிருப்பார். கதையைத் தேடுபவர் வராமலே போயிருப்பார். வெண்பா தன் தமிழ்ப் பெயரை ஆங்கில விளக்கம் சேர்க்காமல் அப்படியே முகப்பில் தாங்கி வந்தது. 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. பெயர் விளங்காதவரும் அதை அணுக முடிந்தது என்பதை இது காட்டுகிறது.

கூகுள் பிளே தன் சோதனையில், முதன்முறை நிறுவியோர் எண்ணிக்கையோடு, நிறுவி ஒரு நாளாவது வைத்திருந்தோர் எண்ணிக்கையையும் தருகிறது. வந்தவர் தங்கினாரா என்று பார்க்க வேண்டும் என்பதைக் கடையே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயினும் பலர் முதல் எண்ணோடு நின்றுவிடுகின்றனர்.

சிறிய எண்ணிக்கையும் ஏமாற்றும். 1,000 பேரில் 30 பேர் ஒரு படத்தையும், வேறு 1,000 பேரில் 36 பேர் மற்றொன்றையும் சொடுக்கினால், அந்த வேறுபாடு தற்செயலாகவே வரக்கூடியது. வகுப்பில் 20 நண்பர்களிடம் கேட்டு எடுத்த முடிவு இதைவிடவும் பலவீனமானது.

வரிசை தரும் ஒற்றுமை நோய்

போட்டிப் படங்களோடு ஒப்பிடுவதில் இன்னொரு தீங்கும் உண்டு. அதிகம் விற்கும் விளையாட்டின் படத்தில் திறந்த வாயுடன் கத்தும் முகம் இருந்தால், அடுத்தவரும் அதையே வரைகிறார். சில மாதங்களில் வரிசை முழுவதும் கத்தும் முகங்கள். அப்போது அமைதியான முகம் சோதனையில் வெல்லும். பிறகு எல்லாரும் அமைதியாவர். அண்டை வீட்டைப் பார்த்தே தன் வீட்டுக்கு வண்ணம் அடிப்பவருக்கு, அவர் அடுத்த முறை வண்ணம் மாற்றும்போது தாமும் மாற்ற வேண்டிவரும். விளையாட்டின் உள்ளடக்கத்திலிருந்து பிறந்த வேறுபாட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு.

மாணவருக்கான நடைமுறை

ஆடுபுலி ஆட்டத்தைச் செயலியாக்கும் மாணவர் குழு ஒன்றை எண்ணிக்கொள்வோம். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். சிந்தித்து ஆடும் ஆட்டம். உறுமும் புலி முகம் வரிசையில் கட்டாயம் கண்ணை இழுக்கும். ஆனால் வேட்டை விளையாட்டைத் தேடுபவரே வருவர். கோயில் மண்டபத் தரையில் கீறிய கட்டமும் காய்களும் உண்மையானவை. சிறிய அளவிலோ கோடுகள் மங்கிவிடும். முக்கோணக் கோடுகளின் நடுவே ஒரு புலி, அதை அடைத்து நிற்கும் ஆடுகள் என்ற படம் இரண்டையும் இணைக்கக்கூடும்.

இந்த மூன்றையும் சோதிக்கும் முறை எளிது. அதே வகையைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகளின் படங்களை எடுக்க வேண்டும். எளிதில் தோற்கக்கூடியவற்றை மட்டும் பொறுக்கக் கூடாது. கைப்பேசியில் கடை காட்டும் அதே அளவில் காட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் இடத்தை மாற்றி வைக்க வேண்டும். முதல் இடத்துக்கு எப்போதும் ஒரு சலுகை உண்டு. மூன்று நொடி காட்டி மறைத்தபின் எவை நினைவில் உள்ளன என்று கேட்கலாம். அடுத்து, “எது பிடித்தது?” என்பதை விட்டு, “இந்த விளையாட்டில் என்ன செய்ய வேண்டியிருக்கும்?” என்று கேட்க வேண்டும். உருவாக்கியவரை அறியாதவர்களிடமும், இத்தகைய ஆட்டத்தை விரும்புபவர்களிடமும் கேட்பது நல்லது. இறுதியாக, சிலரைப் பத்து நிமிடம் விளையாடவிட்டு, படம் சொன்னது கிடைத்ததா என்று விசாரிக்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தக் கருவியும் பணமும் தேவையில்லை. ஆனால் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

மதிப்பீடு

போட்டி வரிசைச் சோதனை, தன் படத்தைத் தானே ரசிக்கும் மயக்கத்திலிருந்து உருவாக்குநரை விடுவிக்கிறது. எழுத்து படிக்க முடியவில்லை, உருவம் பின்னணியில் கரைகிறது, வகை புரியவில்லை போன்ற குறைகளை அது விரைவில் வெளிக்காட்டும். இதற்கு மேல் அதனிடம் தீர்ப்புக் கேட்பது தவறு. எந்த அண்டைப் படங்கள், எந்தப் பார்வையாளர், எந்த எண் என்ற மூன்றையும் மனிதரே தேர்ந்தெடுக்கின்றனர். முடிவு அந்தத் தேர்வுகளின் நிழலே. பெரிய நிறுவனம் ஒரு தவறான படத்தை விளம்பரத்தால் ஈடுகட்டலாம். சிறிய குழுவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே அறிமுகம். ஏமாந்தவர் எழுதும் விமர்சனம் கடைப் பக்கத்திலேயே நெடுநாள் நிற்கும். ஆகவே விளையாட்டுக்கு உண்மையான இரண்டு மூன்று படங்களை முதலில் உருவாக்கி, அவற்றுள் எது வரிசையில் தெளிவாகத் தெரிகிறது என்று அறியச் சோதனையைப் பயன்படுத்துவதே முறையானது.