36 சதவீதமும் வெட்டப்பட்ட வரிகளும்

எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் போன மாதம் ஒரு படம் சுற்றியது. நெடுந்தூரம் பனிச்சறுக்குபவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 36 சதவீதம் குறைவாம். கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். 2019-ல் 'சர்குலேஷன்' இதழில் வந்த ஆய்வு அது. எடுத்துப் படித்தேன். எண் சரிதான். ஆனா படம் போட்டவர் பக்கத்து வரிகளை வெட்டிட்டார்.

ஸ்வீடனில் வாசலோப்பெட் என்று 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி, 1922-ல் ஆரம்பித்தது. அந்த நிகழ்வின் 30 முதல் 90 கிலோமீட்டர் வரையான போட்டிகளில் கலந்துகொண்ட சுமார் 2 லட்சம் பேரை, கலந்துகொள்ளாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். (அந்த நாட்டு மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்தா பொறாமையா இருக்கு.)

என் முதல் சந்தேகம்: இவ்வளவு தூரம் சறுக்க வருகிறவர் யார்? ஏற்கெனவே உடம்பு ஒத்துழைக்கிற ஆள். லோட் டெஸ்டில் தேறின சர்வர்களை மட்டும் எண்ணி, டெஸ்ட் நடத்தினதாலதான் அவை ஸ்ட்ராங் ஆச்சுன்னு சொல்ற மாதிரி. அந்த 36-ல் எவ்வளவு பயிற்சியின் பலன், எவ்வளவு ஆளின் வாகு என்று இந்த வகை ஆய்வால் பிரித்துக் காட்ட முடியாது.

வெட்டப்பட்ட வரிகளுக்கு வருவோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிப்பது. அறையின் மூலையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைக்கும். சறுக்கும் ஆண்களில் அதிகப் போட்டிகளில் கலந்துகொண்டவர்களுக்கும் வேகமாக முடித்தவர்களுக்கும்தான் இது அதிகம். இது வந்துவிட்டால், இல்லாதவர்களைவிடப் பக்கவாத அபாயம் ஆண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல், பெண்களுக்கு மூன்று மடங்குக்கு மேல். அதே கோளாறு உள்ள, சறுக்காதவர்களைவிட இவர்கள் நிலைமை தேவலை. அதனால ஓடாதேன்னு சொல்ல வரல.

ஆனால் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மருந்து தரலாமா என்று மருத்துவர்கள் பார்க்கும் ஸ்கோரில் வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் உண்டு. ஓடுகிறவனுக்கு மைனஸ் ஒன்று என்று எங்கேயும் இல்லை.

இதை எழுத எனக்கு உரிமை இருக்கு. பதினோரு வருஷமா ஓடுறேன். அதில் நாலு வருஷம் பிரஷரே பார்க்கவில்லை. போன வருஷம் பார்த்தப்போ 148/94. இன்னொரு நாளும் அதே கதைதான். இப்போ மாத்திரையும் உண்டு, ஓட்டமும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை பிரஷர் மெஷினைக் கொண்டுபோனேன். ஓடுவதற்கு முன்னால், ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பார்த்தோம். ஏழு பேர் கையை நீட்டினார்கள். படம் போட்டவர் வார்ம்-அப் இருக்குன்னு கிளம்பிட்டார்.