ஒளித்து வைத்த நோட்டும் இருகால நாவலும்

பேத்தி பரண் மேலிருந்து பழைய பெட்டியை இறக்குகிறாள். உள்ளே ஒரு நோட்டு. கதை அறுபது, எழுபது ஆண்டு பின்னால் போகிறது. போர் அகதிகளைப் பற்றிய இருகால நாவல்களில் இது அலுத்துப்போன உத்தி என்பார்கள். நான் அப்படி ஒதுக்கமாட்டேன், நிஜத்திலேயே நடந்திருக்கிறது.

ஐரீன் நெமிரோவ்ஸ்கி கீவ் நகரில் பிறந்து, ரஷ்யப் புரட்சிக்குப் பின் பிரான்சில் குடியேறிய யூத எழுத்தாளர். 1940 ஜூனில் ஜெர்மன் படைக்கு அஞ்சி பாரிஸ் மக்கள் சாரிசாரியாக ஊரைவிட்டு ஓடியதை ஒரு கிராமத்தில் ஒதுங்கியிருந்து நாவலாக எழுதினார். காகிதத்தை மிச்சம் பிடிக்க எழுத்தைப் பொடிப்பொடியாக எழுதினார். 1942 ஜூலையில் கைது. ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் முகாமில் மரணம். இரு மகள்களும் அந்தக் கையெழுத்துப் பிரதி இருந்த பெட்டியோடு ஒளிவிடம் மாறி மாறி அலைந்தார்கள். மூத்தவர் தெனீஸ், அது அம்மாவின் அந்தரங்கக் குறிப்பு என்று எண்ணி, பல பத்தாண்டுகள் படிக்கத் துணியவில்லை. பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படியெடுத்தார். அந்த நாவல் 'சூட் ஃப்ரான்சேஸ்' என்ற பெயரில் 2004-இல் வெளியாகி, அதே ஆண்டு ரெனோதோ பரிசு பெற்றது.

இந்த வகைக்கு என் முதல் அளவுகோல் இதிலிருந்து வந்ததுதான். ஐந்து பாகம் திட்டமிட்டவர் இரண்டைத்தான் முடித்தார். போர் எப்படி முடியும் என்பது தெரியாமலே எழுதினார். கற்பனை நோட்டுகள் பலவும் சறுக்குவது இங்கேதான். 1942-இல் எழுதுகிறவள் 1945-ஐப் பார்த்தவள் போலப் பேசிவிடுகிறாள்.

தேடிப்போகிறவரை முன்னிறுத்துவது இன்னொரு மரபு. தத்தியானா த ரோனேயின் 'சாராவின் சாவி'யில், பாரிஸ் யூதர்களைப் போலீஸ் வளைத்த நாளில் தம்பியை அலமாரிக்குள் பூட்டிவிட்டுப் போகிறாள் ஒரு சிறுமி. அறுபது ஆண்டு கழித்து ஒரு பத்திரிகையாளர் அந்தத் தடயத்தைப் பின்தொடர்கிறார். அந்த அலமாரிக்குப் பக்கத்தில் பத்திரிகையாளரின் மணவாழ்க்கைச் சிக்கல் எடுபடவில்லை. இன்றைய கதைக்கும் இழக்க ஏதாவது இருக்கவேண்டும். இது இரண்டாவது அளவுகோல்.

ஸெபால்டின் 'ஆஸ்டர்லிட்ஸ்' (2001) இந்த இரண்டையும் தாண்டியது. அதில் நோட்டே கிடையாது. 1939-இல் பிராகிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட குழந்தை, முதிர்ந்த வயதில் தன்னை வளர்த்த வெராவைக் கண்டுபிடிக்கிறான். அவள் பேச்சுவாக்கில் செக் மொழிக்கு மாறுகிறாள். அடியோடு மறந்துபோன அந்த மொழி அவனுக்குப் புரிகிறது. எந்த ஆவணமும் இவ்வளவு செய்துவிடாது என்பது என் கருத்து.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் நெமிரோவ்ஸ்கியிலிருந்து தொடங்கலாம். பின்னிணைப்பை விட்டுவிட வேண்டாம். மனைவி இறந்தது தெரியாமல், அவரை விடுவிக்கச் சொல்லிக் கணவர் மிஷேல் எழுதிய கடிதங்கள் அங்கேதான் இருக்கின்றன.