மடியில் தெரிந்த முகம்

ஜெர்மனியில் நெதர்லாந்து எல்லையை ஒட்டிய சிற்றூர் கெவலார். அங்கே முதன்முறை போகிறவர்கள் படத்தைக் கொஞ்சம் தேடத்தான் வேண்டியிருக்கிறது. அறுகோணச் சிற்றாலயம், தங்கமும் வெள்ளியும் இழைத்த சட்டகம், அதன் நடுவே தபால் அட்டையைவிடச் சிறிய ஒரு பழைய அச்சுப்படம். அதில் இருப்பவர் லக்சம்பர்க் மாதா. துயருறுவோரின் தேற்றரவு என்பது அவருக்கு வழங்கும் பெயர். முப்பதாண்டுப் போர் ஊர்களை எரித்துக்கொண்டிருந்த 1641-இல், கிறிஸ்துமஸை ஒட்டி, ஹென்ரிக் புஸ்மன் என்ற தலைச்சுமை வியாபாரி வழியோரச் சிலுவையடியில் தனக்கொரு கோயில் கட்டச் சொல்லும் குரலைக் கேட்டார் என்கிறது மரபு. அவர் மனைவி மெகலிடம் ஒரு போர்வீரன் இப்படத்தை முன்பே விற்க வந்திருந்தான். விலை கட்டுப்படியாகாமல் அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தப் படம்தான் 1642 ஜூன் 1 அன்று அங்கே நிறுவப்பட்டது.

தாயின் அன்பில் இறைவனின் அன்பைக் காணும் பழக்கம் ஜெர்மன் மண்ணில் ஒரே வழியில் வளரவில்லை. மடங்களில் ஒன்று, தச்சுக்கூடங்களில் ஒன்று, சீர்திருத்தச் சபையில் இன்னொன்று என்று பல பள்ளிகள். அவற்றுக்குள் வழக்கும் உண்டு.

இவற்றில் மிக ஆழமாக இறங்கியது சிற்பிகளின் பள்ளி என்றே தோன்றுகிறது. 1300-ஐ ஒட்டி, இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கும் மரியாளை இங்குள்ள மரச்சிற்பிகள் செதுக்கத் தொடங்கினார்கள். நம்மவர் வியாகுல மாதா என்று வணங்கும் கோலம்தான். நற்செய்தி நூல்கள் நான்கிலும் இக்காட்சி கிடையாது. பெரிய வெள்ளியன்று, சிலுவையிலிருந்து இறக்கியதற்கும் கல்லறையில் வைத்ததற்கும் இடைப்பட்ட மாலைப்பொழுதை மக்களே நிரப்பிக்கொண்டார்கள். மாலைச் செபத்தின் பெயரால் அச்சிற்பத்துக்கு ‘வெஸ்பர்பில்ட்’ என்று பெயர். மைக்கலாஞ்சலோ ரோமில் இதையே பளிங்கில் வடித்தது ஏறக்குறைய இரு நூற்றாண்டு கழித்து.

பான் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ரோட்கன் பியெத்தா என்ற வெஸ்பர்பில்ட் ஒரு மீட்டருக்கும் குறைவான உயரம்தான். ஆனால் அதன்முன் சும்மா நின்றுவிட்டு வர முடியாது. மகனின் தலை பின்னால் தொங்குகிறது, விலா எலும்புகள் துருத்துகின்றன, காயங்களில் இரத்தம் திராட்சைக் கொத்தாக உறைந்திருக்கிறது. தாயின் முகத்தில் சாந்தம் இல்லை. வாய் கோணி, நம்ப மறுக்கும் முகம். இவ்வகைச் சிற்பங்கள் சிலவற்றில் கிறிஸ்துவின் உடல் பிள்ளை உடல்போலச் சிறுத்துவிடும், பெத்லகேமில் ஏந்திய அதே மடிக்குத் திரும்பிவிட்டதுபோல.

இன்னொரு வடிவம் போர்வை மாதா. 1480-ஐ ஒட்டிச் செதுக்கப்பட்டு, இன்று பெர்லின் போடே அருங்காட்சியகத்தில் இருக்கும் ராவென்ஸ்பூர்க் சிற்பம் பேர்பெற்றது. விரித்த மேலங்கிக்குள் சின்னஞ்சிறு மனிதர்கள் ஒண்டி நிற்கிறார்கள். அக்கால வழக்கப்படி, திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளையைச் சடங்கின்போது மேலங்கிக்குள் சேர்த்துக்கொண்டால் அது முறையான பிள்ளையாகிவிடும். முந்தானைக்கு இருந்த சட்ட அதிகாரம் என்று சொல்லலாம்.

கன்னியர் மடங்கள் நேராக இறைவனையே தாயாக்கின. ஐஸ்லேபனை அடுத்த ஹெல்ஃப்டா மடத்தில் ஐந்து வயதில் சேர்க்கப்பட்ட கெர்ட்ரூட் (1256–1302) எழுத்துகளில் ஓர் அழகான உவமை: பிள்ளை மடியை விட்டு ஓடாதிருக்கப் பூச்சாண்டி காட்டி, பயந்து திரும்பி வந்ததும் அணைத்துக்கொள்ளும் தாய் போன்றவர் கடவுள். மனிதருக்கு வரும் துன்பத்துக்கு அவர் கண்ட விளக்கம் அது.

அதே ஐஸ்லேபனில் 1483-இல் பிறந்தார் மார்ட்டின் லூதர். கடவுளின் தாய் என்ற பட்டத்தை அவர் விடவில்லை; மரியாளிடமே அடைக்கலம் கேட்பதைத்தான் ஏற்கவில்லை. 1521-இல் மரியாளின் பாடலுக்கு எழுதிய உரையில், வானதூதர் வந்துபோன பிறகும் பால் கறந்து, சமைத்து, பாத்திரம் கழுவிய வீட்டுப்பெண்ணாக அவரைக் காட்டுகிறார். அடுத்த ஆண்டு எழுதியதில் ஒரு படி மேலே போகிறார்: பிள்ளையின் பீத்துணி துவைக்கும் தகப்பனை ஊர் சிரிக்கும், கடவுளோ தம் தூதர்களோடு மகிழ்வார். தாய்மையை வேலையாகப் பார்த்தவர், அந்த வேலையை ஆணுக்கும் கொடுத்தார்!

சபைகள் இரண்டுக்கும் உரைகல் ஒன்றே: கண்ணாடியை வெளிச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. கத்தோலிக்க இறையியல் ஆராதனையைக் கடவுளுக்கும் வணக்கத்தை மாதாவுக்கும் பிரித்து வைத்தது. லூதரன் மரபு ஏசாயா 66:13-ஐப் பிடித்துக்கொண்டது; அங்கே தாய்போலத் தேற்றுபவர் கடவுளேதான். பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ 1868 பெரிய வெள்ளியன்று பிரேமனில் ஒலித்தபோது அந்த வசனம் அதில் இல்லை. பிறகுதான் பெண்குரலுக்காக ஒரு பகுதி எழுதி அதைச் சேர்த்தார். அவர் தாய் 1865-இல் இறந்திருந்தார். ஜெர்மன் சபைகள் 2016-க்கான ஆண்டு வசனமாகக் கொண்டதும் இதே வசனத்தை.

உரைகல் பொது இடத்திலும் உரசப்பட்டது. முதல் உலகப் போரில் மகனை இழந்த கேத்தே கோல்விட்ஸ் வடித்த தாயும் இறந்த மகனும், பெரிதாக்கப்பட்டு 1993-இல் பெர்லின் நினைவகத்தில் வைக்கப்பட்டது. கிறிஸ்தவச் சாயல் கொண்ட சிலை யூதர்களின் சாவுக்கும் பேசுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இந்த வழக்குகள் எதுவும் தெரியாமலே ஆண்டுதோறும் ஆகஸ்ட் சனிக்கிழமை ஒன்றில் கெவலார் தமிழர்களால் நிரம்பிவிடுகிறது. 1980-களில் ஏதிலிகளாக வந்த ஈழத்தமிழர் தொடங்கிய யாத்திரை இது. தமிழில் திருப்பலி நடக்கும், மாதா சுரூபம் பவனி வரும். வருகிறவர்களில் சைவர்களும் ஏராளம்; ஹம் நகரின் காமாட்சி அம்பாள் தேரையும் வடம் பிடிக்கிறவர்கள். யாருக்கு ஆராதனை, யாருக்கு வணக்கம் என்று மெழுகுவர்த்தியைக் கையில் வைத்திருக்கும் அம்மாவிடம் எவரும் கேட்பதில்லை. கேட்டால் இலங்கையில் உள்ள மடு மாதா கோயிலைப் பற்றித்தான் சொல்வார். மடுத் திருவிழாவும் ஆகஸ்டில்தான். 2008 ஏப்ரலில் போர் நெருங்கியபோது மடு மாதாவின் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த ஆகஸ்டில் மாதா கோயிலுக்குத் திரும்பிவிட்டார். கெவலாரில் அன்று மெழுகுவர்த்தி ஏற்றிய பலரும் இன்னும் ஊர் திரும்பவில்லை.