மும்பை மாடிக்கு எந்த உருளை?

செம்பூர் பால்கனியில் உருளைக்கிழங்கு வைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது ருசியை அல்ல, ராத்திரிச் சூட்டை. இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் செடி தளதளவென்று நிற்கும், மண்ணுக்குள் கிழங்கு பிடிக்காது. மும்பையில் அந்தக் குளிர் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான். கொலாபா பக்கம் அதுவும் மட்டுமட்டு. ஆகவே குஃப்ரி சிந்தூரி போன்ற நாலு மாதச் சிவப்புக் கிழங்கு, எத்தனை நாள் கெடாமல் இருந்தாலும், இந்த ஊருக்குச் சரிவராது. சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்களில் சூடு தாங்கும் குஃப்ரி சூர்யா, சீக்கிரம் விளையும் குஃப்ரி லவ்கர் இரண்டும்தான் என் தேர்வு. சூர்யாவுக்குக் கண்கள் ஆழமில்லை. தோல் சீவும்போது சதை வீணாகாது.

சமையலறையில் முளைவிட்டதையே நட்டால் என்ன என்பார்கள். முளைக்கும்தான். ஆனால் அது என்ன ரகம், எந்த வைரஸைச் சுமந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்? மாதுங்கா மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்பது இன்னும் நியாயமான கேள்வி. பணக் கணக்கில் பால்கனியில் பையில் வளர்ப்பது தோற்கும். ஆனால் கட்டைவிரலால் தேய்த்தாலே தோல் உரியும் இளங்கிழங்கைக் கடையில் தேடினாலும் லேசில் கிடைக்காது. நவம்பர் நடுவில் விதைக்கிழங்கை ஊன்றுங்கள். தண்டு உயர உயர மண் அணையுங்கள். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கைச் சமைக்காதீர்கள்.