ஐந்து வாளி பால்

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' உங்களுக்குத் தெரிந்த கதைதான். க.நா.சு. அதை 'விலங்குப் பண்ணை' என்று தமிழிலும் தந்திருக்கிறார். குடிகாரப் பண்ணையார் ஜோன்ஸை மிருகங்கள் ஒன்றுசேர்ந்து விரட்டியடிக்கின்றன. இனி எல்லோரும் சமம் என்று சட்டம் போடுகின்றன. பன்றிகள் நிர்வாகத்துக்கு வருகின்றன. நெப்போலியன் என்கிற பன்றி சர்வாதிகாரி ஆகிறது. கடைசியில் பன்றிகள் மனிதர்களோடு உட்கார்ந்து சீட்டாடுகின்றன. நூறு சொச்சம் பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

படித்தவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நெப்போலியன்தான் ஸ்டாலின், ஸ்னோபால்தான் ட்ராட்ஸ்கி என்று பரீட்சையில் 'பொருத்துக' எழுதுவதுபோல ஒப்பிப்பார்கள். தப்பே இல்லை. ஆர்வெல் ரஷ்யாவை மனதில் வைத்துத்தான் எழுதினார். ஆனால் இப்படிப் பொருத்தி முடித்ததும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து. எங்கேயோ, எப்போதோ, யாரோ பண்ணிய அக்கிரமம். நமக்கென்ன வந்தது?

நான் பி.காம். படித்தவன். எனக்கு இந்தக் கதையில் முதலில் கண்ணில் படுவது வேட்டை நாய்களோ ரத்தமோ இல்லை. பால் கணக்கு.

புரட்சி முடிந்த மறுநாள் காலை. ஸ்னோபால் ஏணியில் ஏறி, கொட்டகைச் சுவரில் ஏழு சட்டங்களை எழுதி முடிக்கிறது. பெயின்ட் இன்னும் காயவில்லை. அப்போது பசுக்கள் கத்துகின்றன; ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் மடி கனத்துவிட்டது. பன்றிகளே கறக்கின்றன. நுரை பொங்க ஐந்து வாளி. 'இதை என்ன செய்யப் போகிறோம்?' என்று ஒரு குரல். ஜோன்ஸ் காலத்தில் சில சமயம் எங்கள் தீவனத்தில் கொஞ்சம் கலப்பார்கள் என்கிறது ஒரு கோழி. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. பாலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் புல் அறுக்கப் போங்கள் என்கிறது. எல்லோரும் போகிறார்கள். சாயங்காலம் வந்து பார்த்தால் பாலைக் காணோம்.

அத்தியாயம் அங்கேயே முடிகிறது. ஆர்வெல் ஒரு ஆச்சரியக்குறிகூடப் போடுவதில்லை. அடுத்த அத்தியாயத்தில் போகிறபோக்கில் சொல்கிறார்: பால் தினமும் பன்றிகளின் தீவனத்தில் கலக்கிறது. தோட்டத்தில் ஆப்பிள் உதிர்கிறதா? அதுவும் பன்றிகளுக்கே. இதில் ஸ்னோபாலும் நெப்போலியனும் ஒரே கட்சி. மற்ற எல்லாவற்றிலும் முட்டிக்கொள்கிற இரண்டும் இந்த ஒன்றில் கைகோக்கின்றன. நெப்போலியன் இடத்தில் ஸ்னோபால் இருந்திருந்தால் பண்ணை உருப்பட்டிருக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் படித்துவிடுங்கள்.

இது என் கண்டுபிடிப்பில்லை. 1946 டிசம்பரில் அமெரிக்கப் பத்திரிகையாளர் டுவைட் மெக்டொனால்டுக்கு எழுதிய கடிதத்தில் ஆர்வெல்லே இதைச் சொல்லிவிட்டார். பாலையும் ஆப்பிளையும் பன்றிகள் எடுத்துக்கொண்டதுதான் கதையின் திருப்பம். அன்றைக்கே மற்றவை காலை ஊன்றி நின்றிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும் என்பது அவர் கட்சி.

இதைத் தவறவிட்ட ஒரு பெரிய மனிதர் உண்டு. கவிஞர் டி.எஸ்.எலியட். லண்டன் ஃபேபர் பதிப்பகத்தில் அவர் இருந்தபோது, 1944-ல் இந்தக் கைப்பிரதி அவரிடம் போனது. யுத்த காலம், ரஷ்யா பிரிட்டனின் கூட்டாளி. வேறு சில பதிப்பகங்களும் கைகழுவிய புத்தகம்தான். எலியட்டும் ஜூலையில் மறுத்துக் கடிதம் எழுதினார். எழுத்தைப் பாராட்டிவிட்டு அவர் சொன்ன யோசனை: பன்றிகள்தான் புத்திசாலிகள், பண்ணையை நடத்தத் தகுதியும் அவற்றுக்குத்தான், தேவை இன்னும் கொஞ்சம் பொதுநல எண்ணம் கொண்ட பன்றிகள். இத்தனைக்கும் மனுஷர் லாயிட்ஸ் பேங்க்கில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர். நல்லவர் கையில் சாவியைக் கொடுத்தால் போதும், லெட்ஜர் வேண்டாம் என்று எந்த பேங்க்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

புத்தகம் கடைசியில் 1945 ஆகஸ்டில் செக்கர் அண்ட் வார்பர்க் வெளியீடாக வந்தது.

சரி, பால் போனதற்கு பன்றிகள் சொல்கிற சமாதானத்தைப் பாருங்கள். எங்களில் பலருக்குப் பாலே பிடிக்காது. மூளை வேலை செய்கிறோமே, மருந்து மாதிரி குடிக்கிறோம். நாங்கள் துவண்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான், சம்மதமா? யாருக்கு சம்மதம்! எல்லாம் கப்சிப். ஒரு வர்க்கம் இப்படித்தான் பிறக்கிறது. என் வேலை உன் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதற்கு என்ன கூலி என்று நீ கேட்கக்கூடாது. அந்த வேலைதான் என்ன? பெரிய பெரிய தாள்களில் நெருக்கி நெருக்கி ஃபைல், ரிப்போர்ட், மினிட்ஸ் எழுதுவது. எழுதி முடித்ததும் அடுப்பில் போட்டுக் கொளுத்துவது. ஆடிட்டர் வருவதற்கு முன்னால் கொளுத்துகிற ஆசாமிகளை உலகம் பார்த்திருக்கிறது. எழுதிய சூட்டோடு கொளுத்துகிற அலுவலகத்தை ஆர்வெல் ஒருவர்தான் காட்டினார்.

அப்புறம் புள்ளிவிவரம். உற்பத்தி இருநூறு சதவிகிதம், ஐந்நூறு சதவிகிதம் ஏறிவிட்டதாக ஸ்க்வீலர் என்கிற பன்றி வாசித்துக் காட்டுகிறது. வயிறு மட்டும் காலி. ரேஷனைக் குறைத்தால் அதற்குக் 'குறைப்பு' என்ற பெயரே கிடையாது, வேறு கௌரவமான பெயர்.

எனக்கு ஆர்வெல்லிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. மற்ற மிருகங்களை ரொம்பவே மந்தமாக்கிவிட்டார். செம்மறிகள் அத்தனையும் கத்த மட்டும் தெரிந்தவை. எந்த மந்தையிலும் ஒரு வம்புக்காரி இருப்பாள் சார்! இருக்கிறார்கள், கோழிகள். வாரத்துக்கு 400 முட்டை வெளியே விற்க நெப்போலியன் ஒப்பந்தம் போட்டதும், கோழிகள் விட்டத்தில் ஏறி உட்கார்ந்து அங்கிருந்தே முட்டையிட்டுக் கீழே விழுந்து உடையவிடுகின்றன. தீவனம் நிறுத்தப்படுகிறது. ஐந்து நாள் தாக்குப்பிடிக்கின்றன. ஒன்பது செத்துப்போகின்றன. பண்ணையிலேயே தன் சரக்குக்குத் தானே கணக்கு வைத்திருந்த கோஷ்டி இதுதான். அவர்களுக்கு ஆர்வெல் ஒதுக்கியது சொற்ப இடம். இன்னும் பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாம்.

இதன் கார்ட்டூன் படம் 1954-ல் வந்தது. பணம் போட்டது அமெரிக்காவின் சி.ஐ.ஏ. அதில் முடிவையே மாற்றிவிட்டார்கள். மிருகங்கள் மறுபடி பொங்கியெழுந்து பன்றிகளை ஒழித்துக்கட்டுகின்றன. சீட்டாட்ட மேஜையில் மனிதர்களைக் காணோம்! பன்றியைத் திட்டலாம், அதோடு வியாபாரம் செய்கிற பக்கத்துப் பண்ணை முதலாளியைத் திட்டக்கூடாது. ஆர்வெல் இரண்டு பேரையும் ஒரே மேஜையில்தான் உட்கார வைத்திருந்தார்.

நம்மைப் போன்றவர்கள் கதையில் எங்கே இருக்கிறோம் என்று தேடினால், பெஞ்சமின் கழுதையிடம்தான் போய் நிற்க வேண்டும். பண்ணையில் படிப்பே ஒரு ஜாதி மாதிரி. பன்றிகள் சரளமாகப் படிக்கும். உழைப்பாளிக் குதிரை பாக்ஸருக்கு நாலு எழுத்துக்கு மேல் ஏறாது. பெஞ்சமின் எந்தப் பன்றிக்கும் சளைக்காமல் படிக்கும், ஆனால் படிக்காது. படிக்கத் தகுந்ததாக எதுவுமில்லை என்பது அதன் கொள்கை. சுவரில் சட்டங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்படும்போது கிளோவர் என்கிற பெண் குதிரை சந்தேகத்தோடு வந்து கேட்கிறது, கொஞ்சம் படித்துச் சொல்லேன் என்று. இந்த வம்பெல்லாம் எனக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறது பெஞ்சமின். அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை வந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போகிறவர்களை நான் கழுதை என்று சொல்லவில்லை.

பாக்ஸர் உழைத்து உழைத்து ஒரு நாள் விழுந்துவிடுகிறது. குதிரைகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஓய்வு, பென்ஷன் என்று புரட்சியின் ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்காக ஒதுக்கிய மேய்ச்சல் நிலத்தில் இப்போது பார்லி விதைக்கப் போகிறார்கள், பன்றிகள் சாராயம் காய்ச்சுவதற்கு. பாக்ஸரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள். மற்ற மிருகங்கள் கையசைத்து வழியனுப்புகின்றன. அப்போதுதான் பெஞ்சமின் பாய்ந்து வந்து, வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைச் சத்தமாகப் படிக்கிறது. குதிரைகளை வெட்டித் தோல், எலும்பு விற்கிறவனுடைய வண்டி. வாழ்நாளிலேயே தானாக முன்வந்து அது படித்தது அன்றைக்குத்தான். அதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது.

சில நாள் கழித்துப் பன்றிகளின் வீட்டுக்கு ஒரு மரப்பெட்டி வருகிறது. ராத்திரி பூராவும் பாட்டு, கூச்சல். விஸ்கி பெட்டி வாங்க எங்கிருந்தோ பணம் வந்ததாகப் பண்ணையில் பேச்சு. எவ்வளவு வந்தது, எதை விற்று வந்தது என்று அன்றைக்கும் யாரும் கேட்டதாகப் புத்தகத்தில் இல்லை.