டிலனாய்: ஓவியமும் கல்லறையும்

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அந்த ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாய், மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் காட்சி. சுசீந்திரம் பக்கத்துல படிச்ச பிள்ளைகளுக்கு டிலனாய் என்றாலே இந்தப் படம்தான். அதுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

படம் கதையை முதல் அத்தியாயத்திலேயே நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு 36 வருஷம் அந்த மனிதர் திருவிதாங்கூருக்காகவே உழைத்தார். படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். கடைசியில் 'வலிய கப்பித்தான்' ஆனார். சுசீந்திரத்திலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய வட்டக்கோட்டையும் அவர் கை பட்டதுதான். அதை வெறும் கடலோர வேடிக்கையாகப் பார்க்கக் கூடாது. டிலனாய் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சந்தா சாகிப்பின் படை நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்து சூறையாடியிருந்தது. கிழக்கு வாசல் திறந்து கிடந்தால் முதலில் அடிபடுவது நம்ம வயலும் கோயிலும்தான்.

இணையத்தில் இந்தப் படத்தோடு கூடவே ஒரு வாசகமும் சுற்றுகிறது: ஐரோப்பியரை ஆசியர் வென்ற முதல் போர் குளச்சல் என்று. சரியில்லை. 1630இல் கண்டிப் படை ரந்தெனிவெலயில் போர்ச்சுகீசியரை ஒழித்துக்கட்டியது. 1662இல் கோக்சிங்கா இதே டச்சுக்காரர்களைத் தைவானை விட்டே துரத்தினார். குளச்சலுக்கு இந்த இரவல் பட்டம் எதற்கு? தோற்றுப் பிடிபட்டவரையே தன் தளபதியாக்கிக்கொண்ட ராஜாவின் துணிச்சல் போதாதா!

ஓவியம் விட்டதைக் கல்லறை சொல்கிறது. புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் சிதிலமான சிற்றாலயத்தில் 1777இல் அவரைப் புதைத்தார்கள். கல்வெட்டு இரண்டு மொழியில் இருக்கிறது: லத்தீன், தமிழ். லத்தீன் அவருடைய சபைக்கு. தமிழ் யாருக்கு? இங்கே அவரோடு வாழ்ந்தவர்களுக்குத்தானே. அவர் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளையும் அந்த வட்டத்தில் ஒருவர். தேவசகாயமான அவரை 1752இல் சுட்டுக் கொன்றது டிலனாய் சேவித்த அதே அரசு. அதற்குப் பிறகும் 25 வருஷம் டிலனாய் அங்கேயே வேலை பார்த்தார்.

இதை வரைய ஓவியர் யாராவது துணிந்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். அதுவரை, அரண்மனைக்கு வருகிறவர்கள் அப்படியே புலியூர்க்குறிச்சிக்கும் ஒரு நடை போய்விட்டு வாங்க. பக்கம்தான்.